புல்தரையின் பள்ளம் மேடு: மண் போடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

வீட்டுப் புல்தரை திட்டுத்திட்டாக மஞ்சளானால் பலரும் முதலில் உரக்கடைக்குத்தான் போகிறார்கள். நான் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்வேன். பள்ளத்தில் நீர் தேங்கி வேர் அழுகும். மேட்டில் வெட்டும் மெஷின் புல்லை அடியோடு சிரைத்துவிடும். இரண்டுக்கும் யூரியா மருந்தாகாது.

எங்கள் வீடு கோவையில். செம்மண், மேலே கொரியன் புல். தரை முழுவதையும் ஹோஸ் போட்டு நன்றாக நனைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்ப்பேன். இன்னும் தண்ணீர் நிற்கிற இடங்களைச் சுற்றிக் கோலப்பொடி தூவினால் பள்ளங்களின் வரைபடம் கிடைத்துவிடும்.

கேரம் போர்டு மாதிரி தட்டையாக ஆக்கிவிடாதீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, பத்தடிக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வாட்டம், அதாவது சரிவு வேண்டும். இரண்டு முளை அடித்து நூல் கட்டுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் இருந்தால் மட்டம் பார்ப்பது இன்னும் சுலபம்.

பள்ளத்தில் மண் போட்டு நிரவ நல்ல காலம் ஆனி, ஆடி. ஐப்பசி அடைமழையில் போட்ட மண் கரைந்து ஓடிவிடும். மார்கழிக் குளிரில் புல் மந்தமாக வளர்வதால் மண்ணைத் தாண்டி மேலே வரத் திணறும்.

முதலில் புல்லைக் கொஞ்சம் ஒட்ட வெட்டி, அடியில் சேர்ந்த பழுப்புச் சக்கையை ரேக்கால் வாரி எடுங்கள். பிறகு இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் என்று கலந்து சலியுங்கள். சலிப்பதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சல்லடையில் கறுப்பாக, சுண்டுவிரல் நகம் அளவில் கெட்டியான கிழங்குகள் நின்றால் அது கோரை. ஒன்று உள்ளே போனாலும் போதும், மண்ணுக்கடியில் சங்கிலியாகப் பரவிவிடும்; மேலே பிடுங்கினால் தழை மட்டும்தான் கையோடு வரும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கும்.

இந்தக் கலவையைப் பள்ளத்தில் புல்லின் மேலேயே போடுங்கள்; ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போடக்கூடாது. நூறு சதுர அடிக்குச் சுமார் நான்கு கன அடி கலவை, அதாவது சிமெண்ட் சாக்கில் மூன்றரை சாக்கு. மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, ஈர்க்குச்சி விளக்குமாறால் லேசாகக் கூட்டுங்கள். மண் இலைகளுக்கு நடுவே இறங்கி, பச்சை நுனிகள் வெளியே நிமிரும். நுனி தெரியாத இடத்தில் புல் மூச்சு முட்டிச் சாகும், அங்கே மண்ணை வாரி எடுத்துவிடுங்கள். இன்னும் பள்ளமாக இருந்தால் ஒரு மாதம் கழித்து அடுத்த அடுக்கு போடலாம்.

பள்ளம் ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தால் வழி வேறு. மண்வெட்டியால் புல்லை வேரோடு பாளமாக வெட்டி இரண்டு பக்கமும் மடித்து, அடியில் மண் நிரப்பி, பழையபடி மூடிப் பலகை போட்டு மிதியுங்கள். மண் பின்னால் அமரும் என்பதால் அரை விரல் தடிமன் அளவுக்கு உயரமாகவே விடுங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் வெயிலில் வெடித்து மழையில் ஊதும். அங்கே வருஷாவருஷம் இந்த வேலை இருக்கும்.

இரண்டு வாரம் யாரும் மிதிக்காமல், தினமும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அப்புறம் ஆழமாக, இடைவெளி விட்டு, விடிகாலையில் பாய்ச்சினால் போதும். ஸ்க்ரூடிரைவர் நாலு அங்குலம் சுலபமாக இறங்கினால் தண்ணீர் போதுமானது என்று அர்த்தம். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பிளேடு மழுங்கினால் நுனி கிழிந்து வெளுக்கும். உரம் போட்டே ஆக வேண்டுமென்றால் நூறு சதுர அடிக்கு 50 கிராம் யூரியா தூவி உடனே நீர் விடுங்கள்.

மாமரத்தடியில் மட்டும் இத்தனை செய்தும் கொரியன் புல் வராது, அதற்கு வெயில் வேண்டும். அங்கே நர்சரியில் பஃபலோ கிராஸ் என்று கேட்டு, அந்த அகல இலைப் புல்லை நடுங்கள்.