டிடி கட்டளையும் தவறான வட்டும்

ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் படிமத்தை) பென் டிரைவில் எழுத லினக்ஸில் பயன்படும் டிடி கட்டளை, எழுதுவதற்கு முன் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. கொடுத்த சாதனத்தின் முதல் பைட்டிலிருந்தே அது எழுதத் தொடங்குகிறது. வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும் பகிர்வு அட்டவணை இருப்பதும் அங்கேதான் என்பதால், தவறை உணர்ந்து ஓரிரு நொடிகளில் நிறுத்தினாலும் அதற்குள் சேதம் நேர்ந்திருக்கும்.

வட்டுகளுக்கு லினக்ஸ் இடும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) போன்ற பெயர்களை நிலையானவை என்று கொள்வதே முதன்மையான தவறு. வட்டுகளைக் கண்டறியும் வரிசையில் லினக்ஸின் மையமான கெர்னல் வழங்கும் எழுத்துகள் அவை; நேற்று எஸ்டிபியாக இருந்த பென் டிரைவ் இன்று எஸ்டிசியாக இருக்கலாம், நேற்றைய எஸ்டிபி என்ற பெயர் இன்று காப்பு நகல்கள் உள்ள வெளிவட்டுக்குப் போயிருக்கலாம். ஆகவே, மேலம்பு விசையை அழுத்திப் பழைய கட்டளையை அப்படியே மீண்டும் இயக்குவதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை என்பது என் கருத்து. எஸ்டிஏ என்றாலே கணினியின் அகவட்டு என்ற எண்ணமும் செல்லாது: வேறு வகைப் பெயர் பெறும் என்விஎம்இ வட்டு மட்டுமே உள்ள கணினியில் செருகும் முதல் பென் டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும்.

கொள்ளளவை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் போதாது. தயாரிப்பாளர் 1000இன் அடுக்குகளிலும், வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை 1024இன் அடுக்குகளிலும் கணக்கிடுவதால், 16 ஜிபி என அச்சிட்ட பென் டிரைவ் ஏறத்தாழ 15 என்றே தெரியும். அதைவிட, ஒரே அளவுள்ள இரண்டு 1 டிபி வட்டுகள் இணைந்திருந்தால் எண்ணால் அவற்றைப் பிரித்தறியவே முடியாது. எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடல், சீரியல், டிரான் ஆகிய நெடுவரிசைகளையும் கேட்டுப் பெறுவது நல்லது. இணைப்பு வகையைக் காட்டும் டிரான் (TRAN) நெடுவரிசையில் யுஎஸ்பி என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செருகுவதற்கு முன் ஒருமுறையும் செருகிய பின் ஒருமுறையும் பட்டியலை எடுத்து, புதிதாகத் தோன்றிய வரியைக் கண்டுகொள்வது எளிய வழி. அதனினும் உறுதியானது, சாதனப் பெயர்கள் இருக்கும் டெவ் அடைவில் டிஸ்க், பை-ஐடி என்ற உள்ளடைவிலுள்ள (/dev/disk/by-id) பெயரையே கட்டளையில் தருவது. தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் ஆகியவற்றால் அமைந்த அப்பெயர், எழுத்து மாறினாலும் மாறாது. தட்டச்சுக்கு நீளம்தான், ஆனால் டேப் விசை இருக்கிறது.

சரியான வட்டைக் கண்டபின்னும், எஸ்டிபி என்பதற்குப் பதிலாக எஸ்டிபி1 என்று எழுதிவிடுவோர் உண்டு. அது பகிர்வு மட்டுமே; அதில் எழுதிய நிறுவல் படிமம் பொதுவாகப் பூட் ஆகாது. எழுதும் முன் அந்த வட்டின் பகிர்வுகள் அனைத்தையும் அன்மவுன்ட் செய்ய (கோப்பு முறைமையிலிருந்து விடுவிக்க) வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

இன்னொரு தவறு எளிதில் பிடிபடாது. இல்லாத சாதனத்தின் பெயரைத் தவறுதலாகத் தட்டச்சு செய்தால், ரூட் (நிர்வாகி) உரிமையுடன் இயங்கும் டிடி பிழை காட்டாமல், டெவ் அடைவிலேயே அந்தப் பெயரில் ஒரு சாதாரணக் கோப்பை உருவாக்கி எழுதுகிறது. அந்த அடைவு நினைவகத்தில் இருப்பதால் வேலை வியப்பூட்டும் வேகத்தில் முடியும். பென் டிரைவிலோ ஒன்றும் மாறியிருக்காது. பென் டிரைவ் ஒன்று நொடிக்கு ஒரு ஜிபிக்கு மேல் எழுதியதாக டிடி அறிவித்தால், மகிழ்வதற்கு முன் கோப்பு விவரம் காட்டும் எல்எஸ் -எல் (ls -l) கொடுத்து அந்தப் பெயருக்குரிய வரி 'பி' (b) என்ற எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்க்கவும். சிறுகோட்டில் தொடங்கினால் அது வெறும் கோப்பு, அதை நீக்கிவிட்டுச் சரியான பெயருடன் மீண்டும் எழுத வேண்டும்.