இங்கிலாந்தில் பொலிஸிடம் தமிழிலேயே முறைப்பாடு கொடுப்பது எப்படி?

வீடு உடைத்துக் களவு போனாலும் வீதியில் அடி வாங்கினாலும், ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்துவிடுகிறார்கள். "அவன் கேட்கிறது எனக்கு விளங்காது" என்ற பயம்தான் காரணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாதிக்கப்பட்டோருக்கான விதிக்கோவையில் முதலாவது உரிமையே விளங்கிக்கொள்வதும் விளங்கவைப்பதும்தான். முறைப்பாடு கொடுக்கும்போதும் பொலிஸ் விசாரிக்கும்போதும் சாட்சி சொல்லும்போதும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். அவர் கிடைப்பது பெரும்பாலும் சிக்கலில்லை. அவரிடம் நாங்கள் தமிழில் சொல்கிற விதத்தில்தான் பிழைகள் நுழைகின்றன. ஆகவே மூன்றாவது படியை மட்டும் ஆறுதலாக வாசியுங்கள்.

1. எந்த நம்பர்?

ஆபத்து இப்போது நடக்கிறது, அல்லது கள்ளன் இன்னும் அங்கேதான் நிற்கிறான் என்றால் 999. காலையில் எழும்பிப் பார்க்கும்போது கார்க் கண்ணாடி உடைந்திருந்தது போன்றவற்றுக்கு 101. இரண்டுக்கும் காசில்லை. வங்கி ஆள் என்று சொல்லிக் காசைச் சுருட்டியிருந்தால் முதலில் 159-ஐ அடித்து உங்கள் வங்கியைப் பிடியுங்கள். பெரும்பாலான வங்கிகள் அதில் இருக்கின்றன. பிறகு மோசடி முறைப்பாட்டுக்கு 0300 123 2040. ரயிலிலோ நிலையத்திலோ அவசரமில்லாத ஒன்று என்றால் 61016-க்கு மெசேஜ் அனுப்பலாம்.

2. முதல் நிமிடம்

999-ஐ முதலில் எடுப்பவர் பொலிஸ் இல்லை, ஒப்பரேட்டர். "எமர்ஜென்சி, விச் சேர்விஸ்?" என்று கேட்பார். "பொலிஸ்" என்று ஒரு சொல் போதும். பொலிஸ் லைன் வந்ததும் இடத்தைச் சொல்லுங்கள்: வீட்டு இலக்கம், வீதி, போஸ்ட்கோட். லைன் அறுந்தாலும் எங்கே வருவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு "டாமில் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்". நாங்கள் சொல்கிற மாதிரி 'ழ்' போட்டால் அவர்களுக்குப் பிடிபடாது.

மொழிபெயர்ப்பாளரை இணைக்கும்வரை லைன் அமைதியாக இருக்கும். பலர் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவது இந்த இடத்தில்தான். வைக்க வேண்டாம்.

கள்ளன் வீட்டுக்குள் நிற்கிறான், வாய் திறக்க முடியாது என்றால் மொபைலில் 999 அடித்து, அழுத்தச் சொல்லும்போது 55-ஐ அழுத்துங்கள். அழைப்பு பொலிஸுக்குப் போகும். ஆனால் 55 நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்காது. அதனால் லைனை வைக்காமல், அவர்கள் சொல்வதைக் கேட்டபடி இருங்கள்.

3. தமிழில் சொல்லும்போது

மொழிபெயர்ப்பாளர் நீங்கள் சொன்னதைத்தான் சொல்வார், நினைத்ததை அல்ல. அடிக்கடி வழுக்குகிற இடங்கள் இவை.

நேரம்: "வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி" என்றால் எங்களுக்கு அது வெள்ளியின் தொடர்ச்சி. ஆங்கிலக் கணக்கில் சனி அதிகாலை. இதில் பிழை விட்டால் பொலிஸ் பிழையான இரவின் கமெராப் பதிவைத் தேடும். பல கடைகளில் பழைய பதிவு ஒரு மாதத்துக்குள் அழிந்துவிடும், திருத்தி வரும்போது பார்க்க ஒன்றும் இருக்காது. திகதியைச் சொல்லிவிட்டு "நடுச்சாமம் தாண்டி" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

நகை: "பத்துப் பவுண் தாலிக்கொடி" என்பது அரைகுறையாகக் கேட்பவர் காதில் பத்துப் பவுண்ஸ் பெறுமதியான சங்கிலி! ஒரு பவுண் 8 கிராம். "80 கிராம், 22 கரட்" என்று கிராமிலேயே சொல்லுங்கள். தாலிக்கொடி என்றால் என்னவென்று வாயால் விளக்குவதைவிட, கல்யாணப் படத்தில் கழுத்துப் பக்கத்தைப் பெருப்பித்துக் காட்டுவது சுகம். நகைக்கடை ரசீது இருந்தால் இன்னும் நல்லது.

ஆட்கள்: "வந்து, கதவை உடைச்சு, எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள்" என்பதில் எத்தனை பேர், யார் உடைத்தது, யார் எடுத்தது என்று ஒன்றுமே இல்லை. "இரண்டு பேர். உயரமானவர் கதவை உடைத்தார். மற்றவர் எடுத்தார்." இப்படித் துண்டு துண்டாகச் சொல்லுங்கள். இந்தியத் தமிழில் "அவங்க வந்தாங்க" என்றால் ஒருவரா பலரா, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. "மச்சான்" என்பது மனைவியின் சகோதரனா, கூட்டாளியா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

களவு: இங்கிலாந்துச் சட்டத்தில் இது மூன்று வகை. சத்தமில்லாமல் எடுத்தால் தெஃப்ட், அடித்தோ மிரட்டியோ பறித்தால் ரொபரி, கட்டடத்துக்குள் அத்துமீறிப் புகுந்து எடுத்தால் பேர்க்லரி. வகையை நீங்கள் தீர்மானிக்கத் தேவையில்லை. ஆனால் தள்ளினார்களா, கத்தி காட்டினார்களா என்பதை விட்டுவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சென்னைத் தமிழர் மொழிபெயர்க்கவும் வரலாம். "பேந்து", "வெளிக்கிட்டான்" என்பவை அவருக்குப் புரியாமல் போகலாம். விளங்காவிட்டால் வேறொருவரைக் கேட்பதில் வெட்கமில்லை. பிள்ளைகளை வைத்து மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். தாய்க்கு விழுந்த அடியை பத்து வயதுப் பிள்ளை சொல்லவும் கூடாது, சரியாகச் சொல்லவும் வராது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறை என்றால் கணவரின் உறவினரையும் சேர்க்காதீர்கள்.

4. வாக்குமூலம்

பொதுவாக, தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, நீங்கள் கையெழுத்து வைத்த பிறகுதான் ஆங்கிலமாக்குவார்கள். நேரே ஆங்கிலத்தில் எழுதினால் கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தே பொய் சொன்னால் வழக்குத் தொடரலாம் என்ற வாசகம் அதில் இருக்கும். அதனால் தெரியாததற்குத் "தெரியாது" என்றே சொல்லுங்கள். மரியாதைக்காக "ஓம், ஓம்" என்று தலையாட்டும் பழக்கம் ஆபத்தானது: "விளங்குது" என்கிற ஓமா, "அப்படித்தான் நடந்தது" என்கிற ஓமா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

5. நம்பர் வாங்காமல் வராதீர்கள்

அழைப்புக்கு ஒரு நம்பர், குற்றத்துக்கு வேறொரு நம்பர். லண்டனில் முதலாவதைக் 'கேட்' (CAD) நம்பர் என்பார்கள். காப்புறுதிக்காரர் கேட்பது இரண்டாவதை, அதாவது கிரைம் ரெஃபரன்ஸ் நம்பரை. முறைப்பாடு பதிந்ததற்கான எழுத்து உறுதியையும் வாங்கிக்கொள்ளுங்கள், அதன் மொழிபெயர்ப்பை இலவசமாகக் கேட்கலாம். போன் களவு போயிருந்தால் ஐஎம்இஐ (IMEI) என்கிற, அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். அது பெட்டியில் அச்சிட்டிருக்கும். போன் கையில் இருக்கும்போதே *#06# அடித்து எங்காவது எழுதி வைத்திருப்பது புத்தி.

விசா சிக்கல் உள்ளவர்கள்

உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 999. மற்ற நேரங்களில், பாதிக்கப்பட்டவரின் விவரத்தையும் பொலிஸ் உள்துறை அமைச்சுக்குக் கொடுக்க இடமிருக்கிறது. அதனால் முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியோடு கதைப்பது நல்லது. பெயர் சொல்லாமல் தகவல் மட்டும் கொடுக்க கிரைம்ஸ்டொப்பர்ஸ் 0800 555 111 இருக்கிறது. ஆனால் அது முறைப்பாடு ஆகாது, கிரைம் நம்பரும் கிடைக்காது.