குட்டை மேக்னம் தோட்டா: கையால் நிரப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

.300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் என்ற வேட்டைத் துப்பாக்கித் தோட்டா 2001-இல் வந்தபோது அதற்குச் சொல்லப்பட்ட பெருமை ஒன்றுதான்: 1963-இல் பிறந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தின் வேகத்தைக் குட்டையான கூட்டிலேயே (மருந்தை அடக்கி, நுனியில் குண்டைப் பிடித்திருக்கும் பித்தளை உறை) பெறலாம். பெரும்பாலும் உண்மைதான். பழையதன் கூடு 66.5 மி.மீ. நீளம், இதன் கூடு 53.3 மி.மீ. குறைந்த 13 மி.மீ.யை ஈடுகட்டக் கூட்டைப் பருமனாக்கினார்கள், தோளை (கூடு கழுத்துக்குச் சுருங்கும் சரிவை) 35 பாகைக்குச் சரித்தார்கள், அழுத்த வரம்பை 65,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) என்று வைத்தார்கள். எந்தப் பக்கமும் தாராளம் இல்லாத தோட்டா இது. தோட்டாவுக்குக் கையால் வெடிமருந்து நிரப்பும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கீழே வரும் தவறுகளில் பாதி அந்த மறதியிலிருந்துதான் முளைக்கின்றன.

முதலில் பெயர்க் குழப்பம். வின்செஸ்டர் ஷார்ட் மேக்னமும் ரெமிங்டனின் ஷார்ட் ஆக்‌ஷன் அல்ட்ரா மேக்னமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை, பார்வைக்கும் உறவினர்கள் போலத்தான் இருக்கும். ஆனால் ரெமிங்டன் கூடு இன்னும் குட்டை. மருந்து கொள்ளும் இடமும் குறைவு. ஒன்றுக்கான அளவை மற்றதில் போடக்கூடாது. நண்பர் சொன்ன அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய குழல் வேறு, கூட்டின் உள்சுவர்த் தடிமன் வேறு. அச்சிட்ட மருந்தளவு நூலின் தொடக்க அளவிலிருந்து கிளம்புங்கள். நூல் உச்சத்தை மட்டும் தந்திருந்தால் பத்து விழுக்காடு குறைத்துத் தொடங்குவது வழக்கம். குண்டு, ப்ரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), கூட்டின் தயாரிப்பு இவற்றில் ஒன்றை மாற்றினாலும் மீண்டும் கீழிருந்துதான் ஏற வேண்டும். இது சலிப்பான வேலை. சலிப்படைபவர்கள் கடையில் தோட்டா வாங்கிக்கொள்ளலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ப்ரைமர் தட்டையாகிவிட்டதா என்று பார்த்தே அழுத்தத்தைக் கணித்துவிடலாம் என்று நம்புவது அடுத்த தவறு. மென்மையான ப்ரைமர் வரம்புக்குள்ளும் தட்டையாகும். கடினமானது வரம்பு மீறிய பிறகும் வடிவு குலையாமல் உட்கார்ந்திருக்கும். தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட்டின் கைப்பிடி இறுகுவது, கூட்டின் அடியில் அதை வெளியே தள்ளும் எஜெக்டரின் பளபளப்பான தடம் பதிவது ஆகியவை நம்பத்தக்க அறிகுறிகள்தான், ஆனால் அவை தெரியும்போது நீங்கள் எல்லையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். வேகமானி வைத்துச் சுடுவது நல்லது. குழல் நீளத்தையும் கணக்கில் கொண்டு பாருங்கள்: நூல் உச்ச அளவுக்குக் காட்டும் வேகம், அதைவிடக் குறைந்த மருந்திலேயே உங்களுக்கு வந்துவிட்டதா? அப்படியானால் உங்கள் துப்பாக்கியின் உச்சம் அங்கேதான் இருக்கிறது. ‘இன்னும் அரை கிரெயின் மருந்து’ (கிரெயின் ஒரு சிறு எடை அளவு) என்று கை நீளும் இடமும் அதுதான். வெயிலையும் மறக்க வேண்டாம். குளிர்ந்த காலையில் தேடிப் பிடித்த உச்ச அளவு, கார் கண்ணாடிக்கடியில் வெயிலில் சூடேறிக் கிடந்த தோட்டாவில் வேறு ஆளாகிவிடும். சில மருந்துகள் வெப்பத்துக்கு அதிகம் மாறுபவை.

சுட்டதில் விரிந்த கூட்டை மீண்டும் பயன்படுத்த மறுஅளவு செய்யும்போது நேரும் தவறுக்கு உடனே தண்டனை கிடைப்பதில்லை. அதனாலேயே அது ஆபத்தானது. பழைய மேக்னங்களில் கூட்டின் அடியில் ஒரு பட்டை உண்டு. சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தோட்டா எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அது நிறுத்திப் பிடிக்கும். குட்டை மேக்னத்தில் பட்டை கிடையாது, அந்த வேலை தோளுடையது. டையை (கூட்டை அளவுக்கு நெருக்கும் எஃகு அச்சு) ஷெல்ஹோல்டரில் (கூட்டின் அடியைப் பிடிக்கும் தாங்கி) முட்டும்வரை இறக்கி மேலும் கால் சுற்றுத் திருகும் பொதுப் பழக்கத்தை இங்கே கண்ணை மூடிப் பின்பற்றினால், தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போய்விடலாம். சுடும்போது கூட்டின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளும்; அடிப்பகுதி போல்ட்டைத் தொடும்வரை பின்னால் இழுபடும். ஒவ்வொரு முறையும் அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். ஒருநாள் அங்கே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் கூடு இரண்டாகப் பிரியும், முன்பாதி சேம்பருக்குள்ளேயே தங்கிவிடும், சூடான வாயு கண்ணை நோக்கிப் பின்னால் பாயவும் கூடும்.

தோள் அளக்கும் துணைக்கருவியைக் காலிப்பரில் பொருத்தி, சுட்ட கூட்டை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து 0.05 மி.மீ. பின்னுக்குத் தள்ளினால் போல்ட் துப்பாக்கிக்குப் போதும். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் இடறினால் அந்தக் கூட்டை நசுக்கி எறிந்துவிட வேண்டியதுதான். பருமனான கூடு என்பதால் எண்ணெய் போதாவிட்டால் டையில் சிக்கிக்கொள்ளும். அதிகமானால் தோளில் பள்ளம் விழும்.

மேசை ஒழுங்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா, தொடங்குமுன் சோதனை எடை வைத்துத் தராசைச் சரிபார்த்தல், வேலை முடிந்ததும் மருந்தை அதன் டப்பாவுக்கே திருப்புதல். பேச்சுத்துணை வேண்டாம்.

குண்டை எவ்வளவு வெளியே நீட்டி வைப்பது என்பதில் ஆசை புத்தியை மறைத்துவிடும். தொழிற்சாலைத் தர அளவில் முழுத் தோட்டாவின் நீளம் 72.6 மி.மீ. நீண்டு மெலிந்த குண்டுகளை இந்த அளவுக்குள் அடக்கினால் அவற்றின் அடி மருந்தின் இடத்தைத் தின்கிறது. வெளியே நீட்டினால் மேகசினில் அடங்காது, அல்லது குழலின் உட்புற முறுக்கு வரிகளில் போய்க் குத்தும். இப்படி வரிகளை முட்டிய ஒரு தோட்டாவைச் சுடாமலே வெளியே எடுக்கப் போல்ட்டை இழுத்தேன். கூடு மட்டும் வந்தது. குண்டு குழலில் தங்கிவிட்டது, மருந்து முழுவதும் துப்பாக்கியின் வயிற்றுக்குள் கொட்டியது. கம்பியால் குண்டைத் தட்டி எடுத்து, மணி மணியாக மருந்தைத் துடைத்த அந்த மாலைப்பொழுது எனக்குப் போதுமான பாடம். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் செலுத்திச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கலாம். வேட்டைக்கான தோட்டா மேகசினில் தாராளமாக அடங்கி, வரிகளிலிருந்து விலகியே இருக்க வேண்டும்.

தடித்த உடலும் செங்குத்தான தோளும் உடலைவிடச் சிறுத்த விளிம்பும் கொண்ட இந்தத் தோட்டா, சில துப்பாக்கிகளில் மேகசினிலிருந்து வழுக்கி ஏறாமல் முரண்டு பிடிக்கும். வேட்டைக்கு எடுத்துப்போகும் ஒவ்வொரு தோட்டாவையும், பாதுகாப்பான திசையில் குழலை வைத்து, சுடுதளத்திலேயே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். மேகசின் நிறைந்திருக்கும்போதும் ஏறுகிறதா என்று பார்ப்பது முக்கியம். அதற்கு மருந்தும் ப்ரைமரும் இல்லாத போலித் தோட்டாக்கள் போதும்.

குண்டுத் தேர்வில் பலரும் தூரத்தையே நினைக்கிறார்கள். 180 கிரெயின் குண்டு இதில் விநாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது; .308 வின்செஸ்டரில் சுமார் 800. ஐம்பது மீட்டரில் நிற்கும் விலங்கின் தோள் எலும்பில் அந்த வேகத்தோடு மோதினால், மெல்லிய உறையுள்ள சாதாரண ஈயக்குண்டு உள்ளே போகுமுன் சிதறிவிடலாம். உறையோடு ஈயம் பிணைக்கப்பட்ட குண்டோ முழுச் செம்புக் குண்டோ அங்கே தாங்கும். ஆனால் செம்பு விரிய வேகம் வேண்டும். தொலைவில் வேகம் தேய்ந்த பின் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டுதான் சட்டம். ஆகவே அங்கே வேட்டையாடுவோர் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்து, தங்கள் சுடும் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி எடை குறைவாக இருந்தால் உதை அதிகம். உதைக்குப் பயந்து விசையை இழுக்குமுன் கண் மூடிக்கொள்பவர்களுக்குக் கூடுதல் வேகத்தால் ஒரு பயனும் இல்லை. நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டாவைக் கலந்து ஏற்றச் சொல்லுங்கள். வெற்று ‘கிளிக்’கில் குழல் துள்ளினால் நோய் தெரிந்துவிடும். மேசையில் சாய்ந்து எடுத்த மூன்று துளைகள் நெருங்கி விழுந்த இலக்குத்தாளைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதும் வீண். காட்டில் நீங்கள் சுடுவது குளிர்ந்த குழலின் முதல் குண்டை; அது எங்கே போகிறது என்பதை வெவ்வேறு நாட்களில், மண்டியிட்டும் உட்கார்ந்தும் சுட்டுத்தான் அறிய முடியும்.

மேக்னம் என்ற பெயர் தரும் மிதப்பில், விலங்கு நின்ற இடத்திலேயே விழவில்லை என்றால் குறி தப்பியது என்று திரும்பிவிடுபவர்கள் உண்டு. நுரையீரலில் சரியாக அடிபட்ட மானும் நூறு மீட்டர் ஓடக்கூடும். அது நின்ற இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து மனத்தில் குறித்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து அங்கே போய், மயிரும் இரத்தமும் குளம்புத் தடமும் தேட வேண்டும்.