ஒன்வே டிக்கெட்டில் வெளிநாடு போறீங்களா? திரும்புகிற டிக்கெட்டை வீட்டிலேயே முடிச்சிடுங்க

தங்கச்சி மகன் மலேசியாவுக்குக் கிளம்பிய அன்று தக்கலையில் இருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை நானும் கூடப் போனேன். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று வழி நெடுக வண்டி ஊர்ந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். பெட்டி எடை சரி, பாஸ்போர்ட்டும் சரி. கவுன்ட்டரில் இருந்த பெண், "ரிட்டர்ன் டிக்கெட் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அவனிடம் இல்லை. வெளியே நின்ற எனக்குப் போன் போட்டு, "மாமா, போர்டிங் பாஸ் தரமாட்டேங்கிறாங்க" என்றான், குரலே மாறியிருந்தது. கவுன்ட்டர் மூட இன்னும் நாற்பது நிமிடம். "பதறாத மக்கா" என்று சொல்லிவிட்டு அங்கேயே என் போனில் கோலாலம்பூர்–திருவனந்தபுரம் டிக்கெட் ஒன்றைச் சொன்ன விலைக்கு எடுத்தேன். ஓடிபி வருவதற்குள் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவன் ஏறிவிட்டான். கூட ஆள் இல்லாமல் தனியாக வந்த பையனாக இருந்தால் என்ன செய்திருப்பான் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்தக் கேள்வி அங்கே போய் இறங்கிய பிறகு இமிக்ரேஷனில்தான் வரும் என்று நம்ம பக்கத்தில் நிறைய பேர் நினைக்கிறார்கள். முதலில் கேட்பது விமானக் கம்பெனி. உங்களை அந்த நாடு உள்ளே விடாவிட்டால் திருப்பிக் கொண்டுவர வேண்டியது அவர்கள் பொறுப்பு, பல நாடுகளில் அபராதமும் உண்டு. எந்த நாட்டுக்கு என்ன காகிதம் வேண்டும் என்பதை டிமாட்டிக் என்ற தகவல் தொகுப்பில் பார்த்துத்தான் சொல்கிறார்கள், அதனால் கவுன்ட்டரில் வாதாடிப் பயனில்லை.

வேலை விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் இருந்தால் ஒன்வே டிக்கெட் பொதுவாகப் பிரச்சினை இல்லை. சுற்றுலாவாகவோ, விசிட் விசாவிலோ, விசா இல்லாமலோ போகிறவர்களுக்குத்தான் சிக்கல். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதி தந்தது, ஆனால் திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் மூன்றையும் கேட்கலாம். மாலத்தீவில் இறங்கியதும் விசா தருவார்கள், அங்கும் வெளியேறும் டிக்கெட் வேண்டும். விதி அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் வாரத்தில் அந்த நாட்டின் இமிக்ரேஷன் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, குளச்சல் பக்கம் கடல் தொழிலுக்குப் போகிறவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் கட்டாயம் கவனிக்க வேண்டியது. பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகையாக இருக்கும், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக நம் அரசின் முன் அனுமதி வேண்டிய வகை. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து எல்லாம் அதற்கான பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்கு அல்லாமல் சும்மா போய் வருவதாக இருந்தால், திரும்பும் டிக்கெட் இல்லை என்று நம் ஊர் இமிக்ரேஷனே நிறுத்திவிடலாம். "விசிட்டில் போ, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள், அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களில் பலர் அந்தப் பேச்சை நம்பிப் போனவர்கள்தான்.

சரி, டிக்கெட் எப்படி எடுப்பது? போகிற விமானக் கம்பெனியிலேயே எடுக்க வேண்டும் என்றில்லை, வேறு கம்பெனியில் தனியாக எடுத்ததும் செல்லும். இந்தியாவுக்குத்தான் திரும்ப வேண்டும் என்றும் பொதுவாக இல்லை, அந்த நாட்டை விட்டு வெளியே போனால் போதும். ஆனால் விலை மலிவு என்று கோலாலம்பூரில் இருந்து சிங்கப்பூருக்கு எடுத்துவிடாதீர்கள். சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும், அது இல்லாமல் அந்த டிக்கெட்டைக் காட்டினால் அடுத்த கேள்வி வரும். நம்ம ஆட்களுக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ எடுப்பதுதான் நிம்மதி. 30 நாள் அனுமதி என்றால் இறங்கும் நாளையும் சேர்த்து எண்ணி, 27ஆம் நாள் 28ஆம் நாள் போல வையுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி இருக்கட்டும், அப்பா பெயரை இனிஷியலாகச் சுருக்க வேண்டாம். பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட்டைச் சில கவுன்ட்டர்களில் ஏற்கமாட்டார்கள்.

திரும்பும் தேதி உறுதியாகத் தெரியாதவர்கள் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாகப் பார்த்து எடுக்கலாம். விலை கூடுதல்தான். ரத்துக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்பதை வாங்கும்போதே படித்துவிடுங்கள். சிலதில் வரி மட்டும்தான் திரும்பும். கடையில் சொல்லி பிடிஎஃபில் பெயரை மாற்றிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், பிஎன்ஆரைத் தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், அது மோசடி வழக்கில் கொண்டுபோய் விடும்.

டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள், போனில் சார்ஜ் போனால் அதுதான் உதவும். ரத்து செய்வதாக இருந்தால் அந்த நாட்டுக்குள் போய் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பிறகு செய்யுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். அப்புறம் உடனே வேறு தேதிக்கு ஒன்று எடுத்து, அனுமதித்த நாளுக்குள் கிளம்பிவிடுங்கள்.