கண்காட்சி பேனர் சேகரிப்பு: மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் இருந்து தொடங்குங்கள்

ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு பெரிய அருங்காட்சியகம் மறுமலர்ச்சிக் கால ஓவியக் கண்காட்சி நடத்தினால், மாதக்கணக்கில் தெரு விளக்குக் கம்பங்களில் பேனர்கள் தொங்கும். முடிந்ததும் கழற்றிச் சுருட்டுவார்கள். கொஞ்சம் விற்பனைக்கு வரும், மீதி குப்பைக்குப் போகும். எனக்கு அது மனசு ஆறாத விஷயம், ஏனென்றால் ஓர் ஓவியம் எந்த ஊருக்கு எப்போது வந்துபோனது என்பதைத் தெருவில் நின்று ஊருக்கே சொன்னது அந்த பேனர்தான்.

கண்ணில் பட்டதை எல்லாம் வாங்காதீர்கள், ஒரு ஓவியத்தைப் பிடித்துக்கொண்டு அது போன ஊர்களைப் பின்தொடருங்கள். லியோனார்டோ டா வின்சி வரைந்த செசிலியா கல்லெரானி, அதாவது கையில் வெள்ளை எர்மினை (கீரி மாதிரி ஒரு சின்ன விலங்கு) ஏந்தி நிற்கும் பெண், இதற்கு நல்ல தொடக்கம். போலந்தின் கிராக்கோவ் நகரில் இருக்கும் ஓவியம் அது. 2002-03இல் மில்வாக்கி, ஹூஸ்டன், சான் பிரான்சிஸ்கோ என்று போனது, 2011இல் பெர்லின் போடெ அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு அப்புறம் அதே ஆண்டு லண்டன் நேஷனல் கேலரிக்கு வந்தது. ஒவ்வொரு ஊரும் தன் கண்காட்சிக்கு எந்தப் படத்தை முகமாக வைத்தது, எதை வெட்டியது, எழுத்தை எங்கே போட்டது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே பாதி சுவை இருக்கிறது.

வெட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். கம்பத்து பேனர் ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். செசிலியாவின் மூல ஓவியமோ சுமார் 54 செ.மீ. உயரம், 39 செ.மீ. அகலம்தான், அதனால் பேனரில் அவள் முகம் பல மடங்கு பெரிதாகும். நெற்றியைச் சுற்றிப் போகும் மெல்லிய கறுப்புப் பட்டை, புருவத்துக்கு மேல் முடியும் வலைத்துணியின் விளிம்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். இத்தாலிய ஓவியர் டிஷியனின் ‘உர்பினோ வீனஸ்’ மாதிரி அகலமான ஓவியம் இந்த வடிவத்துக்குள் முழுசாக அடங்காது, ஒரு துண்டுதான் கிடைக்கும். அந்தத் துண்டு கண்ணுக்குப் பிடித்தால் மட்டும் வாங்குங்கள்.

கிடைக்கும் வழிக்கு வருவோம். கண்காட்சி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே அருங்காட்சியகக் கடைக்கும் விளம்பரப் பிரிவுக்கும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். ஓவியத்தை இரவல் தந்தவர்களின் நிபந்தனை, படத்தின் உரிமை, விளம்பரதாரர் ஒப்பந்தம் என்று ஏதாவது காரணம் சொல்லி மறுக்கலாம். சரி என்று விட்டுவிட்டு ஏல இணையதளங்களைப் பாருங்கள். கம்பத்தில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு வருவது திருட்டு, அதில் பேச்சே இல்லை.

ஏலத்தில் எடுக்கும்போது இரண்டு பக்கப் படத்தையும் கேளுங்கள். தெருவில் தொங்கியது என்றால் மேலும் கீழும் கம்பி நுழையத் தைத்த உறை இருக்கும், ஓரத்தில் உலோக வளையம் இருக்கும், உறைக்குப் பக்கத்தில் காற்றில் உரசிய தேய்மானமும் தெரியும். இதெல்லாம் இல்லாமல் புத்தம் புதிதாகப் பளபளத்தால் யாராவது பிறகு அச்சடித்ததாக இருக்கலாம். தேதி வரி கட்டாயம் இருக்க வேண்டும், ஓவியம் மட்டும் போதும் என்று யாராவது அதை வெட்டி எடுத்திருந்தால் விட்டுவிடுங்கள். லண்டன் நேஷனல் கேலரியின் டிஷியன் கண்காட்சி 2020 மார்ச்சில் திறந்த சில நாளிலேயே கொரோனாவால் மூடப்பட்டு ஜூலையில்தான் மறுபடி திறந்தது. அதன் பேனர் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது எந்தத் தேதி அச்சாகியிருக்கிறது என்பதைத்தான்.

பொருள் பெரும்பாலும் நம் ஊர் ஃபிளெக்ஸ் வகைதான், பிவிசி பூசிய துணி. மடிக்கவே கூடாது, மடித்த கோட்டில் மை வெடித்துவிடும். தடிமனான அட்டைக் குழாயில், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி, இடையில் அமிலமில்லாத தாள் வைத்துத் தளர்வாகச் சுற்றுங்கள். தெருப் புகை படிந்திருந்தால் மெல்லிய துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஓரத்தில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட் பக்கம் போகாதீர்கள், மை கரைந்து வந்துவிடும்.

மாட்டுவதற்கு ஆணி வேண்டாம். மேல் உறையில் ஒரு கம்பியையும் கீழ் உறையில் கொஞ்சம் கனமான கம்பியையும் நுழைத்தால் சுருக்கமில்லாமல் நேராக நிற்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் மட்டும் வேண்டாம். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், அந்த ஓவியர்கள் அடுக்கடுக்காகப் பூசிக் கொண்டுவந்த தோலின் வெதுவெதுப்பு போய் முகம் நீலம் பாரித்துவிடும். நிழலான நடைபாதைச் சுவர் இருந்தால் அங்கே மாட்டுங்கள்.