புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்: போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குக் கொஞ்சம் உளவியல்

தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற நிறையப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான். "பத்தாம் வகுப்பு சமூக அறிவியலை மூணு தடவை முடிச்சுட்டேன், மாதிரித் தேர்வுல உட்கார்ந்தா எல்லாமே எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு, ஆனா எது சரியான விடைன்னு மட்டும் தெரியல." இதைச் சொன்னதும் வீட்டில் வரும் பதிலும் தெரிந்ததுதான்: ஒழுங்காகப் படிக்கவில்லை, இல்லாவிட்டால் மூளை அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டுமே தவறு. படித்தவர் உண்மையாகவே படித்திருக்கிறார், மூளையும் நன்றாகவே வேலை செய்கிறது. படிக்கும் முறையில்தான் சிக்கல், அதை மாற்ற முடியும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மறதியைப் பற்றி. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர், அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன் மேலேயே சோதனை செய்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. அதாவது இழப்பெல்லாம் ஆரம்பத்தில்தான், அப்புறம் வேகம் குறைந்துவிடுகிறது. நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை என்றால் அது எல்லோருக்கும் நடப்பதுதான், அதற்காக மனம் உடைந்து போக வேண்டாம்.

"தெரிந்த மாதிரி" என்ற உணர்வை நம்பாதீர்கள்

ஒரு பக்கத்தை இரண்டாம் முறை படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாம் முறை இன்னும் வேகம். அந்த வேகத்தை மனம், "சரி, இது நமக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் உள்ளிருந்து எடுப்பது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. நான்கு விடைகளைக் கொடுத்துக் கேட்கும் தேர்விலும் இதே கதைதான், ஏனென்றால் அந்த நான்குமே நீங்கள் படித்த பாடத்தில் வருகிற பெயர்கள்தான், நான்குமே தெரிந்த முகமாகத்தான் நிற்கும்.

அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனை இது. மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை இரண்டு முறை படித்தார்கள், மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம் நினைவிருந்தது, அவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: இரண்டு முறை படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். நம்பிக்கை அவர்களிடம் இருந்தது, மதிப்பெண் மற்றவர்களிடம் இருந்தது. மஞ்சள் பேனாவால் கோடு போடுவதும் இதே ரகம்தான், படித்த திருப்தியைத் தரும், அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்யாது.

சரி, நடைமுறையில் எப்படிச் செய்வது? அடிப்படை உரிமைகள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். சமத்துவ உரிமை அரசியலமைப்பின் 14 முதல் 18 வரையான பிரிவுகள், சுதந்திர உரிமை 19 முதல் 22, சுரண்டலுக்கு எதிரான உரிமை 23, 24, அப்புறம் சமயம்... 25 முதல் எதுவரை? இந்த இடத்தில் கை புத்தகத்தை நோக்கிப் போகும். விடாதீர்கள், ஒரு நிமிடமாவது தேடிப் பாருங்கள். வராமல் தடுமாறும் அந்த நேரம் வீண் போவதில்லை. தேடித் தோற்றுவிட்டு விடையைப் பார்க்கும்போது அது நன்றாகப் பதிகிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து 25 முதல் 28 என்று பார்த்து, விட்டதை மட்டும் வேறு நிறத்தில் எழுதுங்கள். அந்த வேறு நிறத்தில் இருப்பதுதான் நாளைய பாடம், முழு அத்தியாயமும் இல்லை.

அதோடு நிறுத்தாமல் ஏன், எப்படி என்று கேளுங்கள். ஆறு வகை உரிமைகள் என்கிறோம், முதலில் ஏழு இருந்ததே, ஏழாவது எங்கே போனது? சொத்துரிமை 1978-இல் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 300ஏ பிரிவில் சாதாரண சட்ட உரிமையாக இருக்கிறது. 32-ஆவது பிரிவை அம்பேத்கர் அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று ஏன் சொன்னார்? உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழி தருவது அந்தப் பிரிவுதான், அது இல்லாவிட்டால் மற்ற உரிமைகள் எல்லாம் வெறும் எழுத்து. இப்படி ஒன்றோடொன்று கோத்த எண்கள் நிற்கும், தனித்தனியாக உருப்போட்டவை உதிர்ந்துவிடும். ஒரே சமயத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடியது சராசரியாக நான்கு விஷயங்கள்தான் என்பது நெல்சன் கோவன் 2001-இல் எழுதிய மதிப்பீடு. 14 முதல் 32 வரை தனித்தனி எண்களாக அதில் அடங்காது. ஆறு கொத்துகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தோடு வைத்துக்கொண்டால் சுமை குறையும்.

இடைவெளி விடுங்கள், கலந்து போடுங்கள்

ஒரே நாளில் ஒரு பாடத்தை ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, அதே ஐந்து மணி நேரத்தைப் பல நாட்களுக்குப் பிரித்தால் அதிகம் தங்கும். எவ்வளவு இடைவெளி என்பது தேர்வு எப்போது என்பதைப் பொறுத்தது. 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், யாருக்கும் எளிதில் தெரியாத பொது அறிவுத் துணுக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோதனை ஒரு வாரத்தில் என்றால் ஒரு நாள் இடைவெளியில் மறுபடி பார்த்ததும், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து என்றால் மூன்று வார இடைவெளியில் பார்த்ததும் நன்றாக வேலை செய்தன. குரூப் 4-க்கு ஆறேழு மாதம் இருக்கிறது என்றால், படித்த பாடத்தை மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரத்தில் ஒரு தடவை, மூன்று வாரத்தில் ஒரு தடவை, அதன் பிறகு மாதம் ஒரு தடவை, ஒவ்வொரு முறையும் மூடிய புத்தகத்தோடு. கொஞ்சம் மறந்த பிறகு எடுப்பதில்தான் பலன், மறக்கும் முன்பே புரட்டிப் பார்த்தால் மனதுக்கு வேலையே இல்லை.

கணக்குப் பகுதிக்கு இன்னொன்று வேண்டும். பலரும் ஒரு நாள் முழுக்கத் தனிவட்டி, மறுநாள் முழுக்கக் கூட்டுவட்டி என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. இதைப் பாருங்கள்: தனிவட்டியில் ஒரு தொகை 8 ஆண்டில் இரண்டு மடங்காகிறது, 16 ஆண்டில் எத்தனை மடங்கு? எட்டு ஆண்டில் வட்டி அசலுக்குச் சமம், பதினாறு ஆண்டில் வட்டி இரண்டு அசல், ஆக மூன்று மடங்கு. அதே கேள்வியில் கூட்டுவட்டி என்று மாற்றுங்கள்: இரண்டு மடங்கானது மறுபடி இரண்டு மடங்காகும், ஆக நான்கு. ஒரே ஒரு சொல்தான் மாறியது. இந்த வித்தியாசத்தைக் கண்ணில் படவைக்க வழி, வட்டி, விகிதம், வேலையும் நேரமும் எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டுப் பயிற்சி செய்வதுதான். அன்றைக்கு அதிகம் தப்பு வரும், வரட்டும்.

"எனக்கு மூளை கம்மி" என்பவர்களுக்கு

அறிவுத்திறனை அளக்கும் முதல் பயனுள்ள சோதனையை ஆல்ஃபிரட் பினே 1905-இல் தியோடர் சிமோனோடு சேர்ந்து பாரிஸில் உருவாக்கினார். பள்ளியில் எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அது உருவானது. ஒருவருக்கு வாழ்நாள் முத்திரை குத்துவதை பினே கடுமையாக எதிர்த்தார், பயிற்சியால் குழந்தைகளின் கவனமும் தீர்மானிக்கும் திறனும் வளரும் என்று எழுதினார். மனிதருக்கு மனிதர் திறனில் வித்தியாசம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பள்ளிப் புத்தகங்களிலிருந்து வரும் கேள்விகளுக்கு, முறையாக நினைவிலிருந்து எடுத்துப் பழகிய சராசரி மாணவர் கட்டாயம் தயாராக முடியும். "முயற்சி செய்தால் யாரும் எதுவும் ஆகலாம்" என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தவறான முறையில் பத்து மணி நேரம் உழைக்கும் பிள்ளையிடம் இன்னும் உழை என்று சொல்வது கொடுமை. முறையை மாற்றச் சொல்ல வேண்டும்.

உட்காரவே மனம் வரவில்லை என்றால்

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்கிறோம். இதைப் பல வருடம் ஆராய்ந்த டிமோதி பிச்சில், ஃபியூஷியா சிரோயிஸ் போன்றவர்கள் சொல்வது வேறு: அந்த வேலையை நினைத்தாலே வரும் பயம், சலிப்பு, வெட்கம், இவற்றிலிருந்து தப்பிக்கத்தான் நாம் தள்ளிப்போடுகிறோம். போனை எடுத்ததும் அந்த உணர்வு மறைகிறது, அதனால் அடுத்த முறையும் கை போனுக்கே போகிறது. ஆகவே தன்னைத் தானே திட்டுவது உதவாது, கெட்ட உணர்வு கூடுவதால் தப்பிக்கும் ஆசையும் கூடும். உட்காரும் முன் ஒரு வரி எழுதுங்கள்: "இதைத் தொடப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் போன தடவை இதில்தான் மதிப்பெண் போனது." பெயர் வைத்த உணர்வு கொஞ்சம் அடங்கும். பிறகு மிகச் சிறிய துண்டாக ஆரம்பியுங்கள், ஒரு வெற்றுத்தாள், ஒரு தலைப்பு, பத்து நிமிடம்.

ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொன்ன வழி ரொம்ப எளிது: "தினமும் படிப்பேன்" என்று முடிவெடுக்காமல், "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முடிவெடுப்பது. "காலை டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், மொட்டை மாடிக்குப் போய் நேற்றைய பாடத்தைப் பார்க்காமல் எழுதுவேன்." நேரம், இடம், முதல் அசைவு மூன்றும் அதில் இருக்க வேண்டும். 2006 வரை வந்த 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் இந்தச் சின்ன மாற்றம் நல்ல பலன் தந்தது தெரிந்தது. தடைக்கும் ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "அத்தை வீட்டுக்கு வந்துவிட்டால், அவர் கிளம்பியதும் பத்து நிமிடமாவது எழுதிவிட்டுத்தான் போனை எடுப்பேன்."

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 1973-இல் ஒரு சோதனையில், வரைவதில் விருப்பம் உள்ள சின்னக் குழந்தைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு சுதந்திரமாக விட்டபோது, பரிசு பேசப்படாத குழந்தைகளைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் இவர்கள் வரைந்தார்கள். ஏற்கெனவே ஆர்வத்தோடு படிக்கும் பிள்ளையிடம் பைக்கும் போனும் பேரம் பேசாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடவே வேண்டாம். "இன்னைக்கு எதை எழுதிப் பார்த்த, எது வரல?" என்று கேளுங்கள், உண்மையான அக்கறையோடு.

தேர்வுப் பயமும் தேர்வறையும்

கவலை மனதில் இடம் பிடிக்கிறது. ஒரே சமயத்தில் நான்கு விஷயங்கள்தான் மனதில் நிற்கும் என்று மேலே பார்த்தோமே, அந்த நான்கு இடங்களில் இரண்டை "இந்தத் தடவையும் போச்சுன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்பது எடுத்துக்கொண்டால், கணக்குப் போட மிச்சம் எங்கே? சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பெய்லக்கும் 2011-இல் காட்டியது: தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயங்களை ஒளிக்காமல் எழுதிய மாணவர்கள், குறிப்பாகப் பயம் அதிகம் உள்ளவர்கள், நன்றாகச் செய்தார்கள். மையத்துக்கு வெளியே மரத்தடியில் கடைசி நேரத்தில் நடப்பு நிகழ்வுகளைப் புரட்டுவதற்குப் பதில் இதைச் செய்து பாருங்கள், எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். ஆனால் பயம் தினமும் தூக்கத்தைக் கெடுக்கிறது, சாப்பிட முடியவில்லை, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அதற்கு இந்தக் குறிப்புகள் போதாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசுங்கள்.

மாதிரித் தேர்வு எழுதும்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் உறுதி, சந்தேகம், ஊகம் என்று குறித்துக்கொண்டு பிறகு திருத்துங்கள். "உறுதி" என்று போட்டு எத்தனை தப்பாகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல், அந்தப் பாடங்களை முதலில் எடுங்கள். "முதலில் தோன்றிய விடையை மாற்றாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். 2005-இல் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களைப் பார்த்தபோது, தப்பிலிருந்து சரிக்கு மாறியவை, சரியிலிருந்து தப்புக்கு மாறியவற்றைப் போல இரண்டு மடங்கு இருந்தன. சரியான காரணம் தெரிந்தால் மாற்றலாம். ஆனால் ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்பிவிட்டால் மாற்ற வழியில்லை, அதனால் யோசிப்பதையெல்லாம் நிரப்புவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். 200 கேள்விக்கு மூன்று மணி நேரம் என்றால் ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு, சந்தேகமானவற்றை முதல் சுற்றில் தாண்டிவிட்டு இரண்டாம் சுற்றில் வாருங்கள். அப்படித் தாண்டும்போது விடைத்தாளில் வரிசை எண் தவறாமல் இருக்கிறதா என்று பத்துக் கேள்விக்கு ஒரு தடவை சரிபாருங்கள்.