பெரியவர்களுக்கு ஆங்கிலம்: சொல்லிக்கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

நாற்பது வயதில் ஆங்கிலம் கற்க வருகிறவரிடம் நம்மவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிங்க, இங்கிலீஷ் படம் பாருங்க, தானா வந்துடும்." வராது. அவருக்கு எங்கே சிக்குகிறது என்று பார்க்காமலே சொல்லும் வைத்தியம் அது.

பேப்பரையே எடுத்துக்கொள்வோம். நேற்று நடந்த விபத்தைத் தலைப்பில் 'பஸ் ஹிட்ஸ் லாரி' என்று நிகழ்காலத்தில் போடுவார்கள். 'பிஎம் டு விசிட் சென்னை' என்றால் இனிமேல்தான் வரப்போகிறார். வகுப்பில் காலங்களைப் படித்துவிட்டு வந்தவருக்கு முதல் பக்கத்திலேயே குழப்பம். சொற்கணக்கு வேறு இருக்கிறது. நூறு சொல்லில் ஏறக்குறைய 98 தெரிந்திருந்தால்தான் பிறர் உதவியில்லாமல் ஓரளவு வசதியாகப் படிக்க முடியும் என்கிறார் சொல்வளம் பற்றி நிறைய ஆராய்ந்த பால் நேஷன். நாவல், செய்தித்தாள் போன்றவற்றில் அந்த அளவை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்பதும் அவர் கணக்கு. எனவே ஒரு பக்கத்தைக் கொடுத்து, தெரியாத சொற்களுக்கு அடியில் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகள் நெருக்கமாக விழுந்தால் அந்தப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

அதற்காக எல்கேஜி பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுப்பதும் தவறு. குடும்பத்தையே நடத்துகிற மனிதருக்கு அது அவமானம். பார்சல் சர்வீஸில் இருப்பவருக்கு டெலிவரி மெயில்கள், மருந்துக்கடைக்காரருக்கு மாத்திரை அட்டையோடு வரும் தாள் என்று அவர் பிழைப்பில் புழங்குவதைக் கொடுங்கள். பாதி விஷயம் முன்பே தெரியும் என்பதால் சொல் தெரியாவிட்டாலும் ஊகிப்பார்.

சொல்லுக்குச் சொல் தமிழாக்கச் சொல்வதுதான் வாசிப்பில் நான் பார்க்கும் பெரிய தவறு. 'தி மேன் ஹூ கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்' என்பதைத் தமிழில் 'நேற்று வந்தவர் என் மாமா' என்கிறோம். ஆளைப் பற்றிய விவரம் நமக்கு முன்னால் வரும், அவர்களுக்குப் பின்னால் வரும். அதனால் கற்பவர் வாக்கியத்தின் கடைசிவரை போய், அங்கிருந்து திரும்பி வருகிறார். நான்கு வரி வாக்கியமாக இருந்தால் திரும்பி வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். ஆனால் வீட்டில் பேசும்போது நாமும் "ஒருத்தர் நேத்து வந்தாரே, அவர் எங்க மாமா" என்கிறோமே! அந்தப் பேச்சு வரிசையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பென்சிலால் வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இடமிருந்து வலமாகவே, வந்த வரிசையில் புரிந்துகொண்டு போகலாம்.

நோட்டில் ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதவிடும் பழக்கத்தையும் சீக்கிரம் நிறுத்துங்கள். கிரிக்கெட் மட்டையும் 'பேட்', கெட்டது என்பதும் 'பேட்', எழுதும் அட்டையும் 'பேட்'. எழுத்தில் ஒன்றாகிவிட்டதைக் காது பிரித்துக் கேட்க மெனக்கெடாது.

அடுத்தது, கேட்பது. இரக்கப்பட்டு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுகிற ஆசிரியரின் பேச்சு மட்டும்தான் அவருடைய மாணவர்களுக்குப் புரியும். தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் அதனதன் அளவு பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை மட்டும் நிமிர்ந்து நிற்கும், மற்றவை நசுங்கும். 'வான்ட் டு' என்பது 'வான்ன' ஆகிவிடும். 'கம்ஃபர்டபிள்' என்று படித்தவருக்கு 'கம்ஃப்டபிள்' காதில் விழுந்தால் அது புதுச் சொல். முடியும் என்கிற 'கேன்' வாக்கியத்துக்கு நடுவே வெறும் 'கன்' ஆகிச் சுருங்கும். முடியாது என்கிற 'கான்ட்' அழுத்தமாக வரும். அமெரிக்கர்கள் அதன் கடைசி 'ட்'டைப் பல நேரம் விழுங்கிவிடுவதால், அந்த எழுத்துக்காகக் காத்திருப்பவர் ஏமாறுவார். அழுத்தத்தைக் கவனிப்பவர் தப்பிப்பார். பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பமும் அப்படித்தான்: 'ஃபிஃப்டீன்' பெரும்பாலும் பின்னால் அழுத்தம், 'ஃபிஃப்டி' முன்னால்.

இதையெல்லாம் சொல்லித்தராமல், ஆடியோவை ஓடவிட்டு ஐந்து கேள்வி கேட்பது பாடமாகாது, பரீட்சைதான். அரை நிமிடப் பேச்சு போதும். முதலில் சும்மா கேட்கட்டும். அப்புறம் எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்து, காதில் விழாத சொற்களை வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் போடுங்கள். தொடக்கத்தில் வேகம் குறைந்த செய்திகள் உதவும். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-லேயே சுமார் 1,500 சொற்களைக் கொண்டு மெதுவாக வாசிக்கும் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் அதிலேயே தங்கிவிடக் கூடாது.

படம் பார்க்கிறார் என்றால் தமிழ் சப்டைட்டில் வேண்டாம். கண் தமிழைப் படிக்கும், காது ஓய்வெடுக்கும். 2009-ல் மிட்டரர், மெக்வீன் என்ற இருவர் டச்சுக்காரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களின் காது அவற்றுக்குப் பழகியது. புதிதாகக் கேட்ட வாக்கியங்களில் டச்சு சப்டைட்டில் இடைஞ்சலாகத்தான் இருந்தது.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். வயது ஏற ஏறக் காதில் முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகள். 'ஸ்', 'ஃப்' எல்லாம் அந்த வகை. ஆங்கிலத்தில் பன்மையே அந்த 'ஸ்'ஸில்தான் தொங்குகிறது. தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கிற அறையில் கேட்கவே வேண்டாம். தயங்கி நிற்பவரிடம் கண்ணாடி, காது பற்றித் தனியாக விசாரித்துவிடுங்கள்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பெரியவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். படித்ததை, கேட்டதைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்ற விதி இங்கே கெடுதல்தான் செய்யும். அவர் சொல்லும் கதை எந்த இடத்தில் மாறுகிறதோ, அடுத்த பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.